மீன் கறிக்கு மூன்று போத்தல் மஸ்கடே

ஆஸ்திரேலியாவுக்குள் ஒருவர் இரண்டேகால் லீற்றர் மதுவைத் தீர்வையில்லாமல் கொண்டுபோகலாம். ஒரு வைன் போத்தல் முக்கால் லீற்றர். ஆகவே மூன்று. மூன்றையும் மூன்று காற்சட்டைக்குள் சுருட்டிப் பெட்டியின் நடுவில் வைத்து, சுற்றிவரக் காலுறைகளை அடைத்தேன்.

மெல்பேர்ன் விமான நிலையத்தில் அதிகாரி ஒருவர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். போத்தல்களைப் பார்த்துவிட்டு என்ன விசேஷம் என்று கேட்டார்.

"மீன் கறியோடு குடிக்க."

"அதற்காகப் பிரான்சிலிருந்தா?"

"வைன் பிரான்சிலிருந்து. மீன் இங்கே வாங்குவோம்."

"நல்லது. மீனையும் கொண்டு வந்திருந்தால்தான் எனக்கு வேலை," என்று பெட்டியை மூடினார்.

நான் நாந்த் நகருக்கு அருகே ஒரு வைன் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். தோட்டக்காரர்கள் சின்னக் குப்பிகளில் மாதிரி அனுப்புவார்கள். புளிப்பு எவ்வளவு, கந்தகம் எவ்வளவு, சீனி மிச்சம் இருக்கிறதா என்று அளந்து எழுதிக் கொடுப்பது என் வேலை. எங்கள் ஊர் மன்னாரில் அம்மா பக்கத்து வீட்டாருக்கு "மகள் லாப்பில வேலை" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறார். அவர்கள் ஆஸ்பத்திரி என்று நினைத்துக்கொள்வதை அவர் திருத்துவதில்லை.

இந்தப் பயணத்துக்குக் காரணம் ரெஜினா அக்கா. என் பெரியம்மாவின் மகள். மெல்பேர்னின் புறநகரான கிரான்பர்னில் இருக்கிறாள். கீரை கழுவிப் பொதி செய்யும் தொழிற்சாலையில் எட்டு வருடமாக நிற்கிறாள். சொந்தமாக ஒரு குசினி வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஸ்பிரிங்வேலில் லான் என்ற வியட்நாமியப் பெண்மணியின் சிறிய உணவகம் திங்கட்கிழமைகளில் பூட்டியிருக்கும். அந்தத் திங்கட்கிழமைகளை ரெஜி அக்கா கேட்டாள். லான் உடனே சம்மதிக்கவில்லை. முதலில் ஒரு மத்தியானம் பன்னிரண்டு பேருக்குச் சமைத்துக் காட்டு, சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாராம். குளிர்தேநீர் விற்கிற ஒருவனும் அதே திங்கட்கிழமைகளைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

லான் இன்னொன்றும் கேட்டிருந்தார். மெல்பேர்னில் இப்படியான சின்ன உணவகங்கள் பலவற்றில் மது விற்பதில்லை. சாப்பிட வருகிறவர்கள் தங்கள் போத்தலைத் தாங்களே கொண்டுவருவார்கள், கடை கிளாஸ் கொடுக்கும். "உன் சாப்பாட்டுக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று ஆட்கள் கேட்பார்கள். நீ சொல்லாவிட்டால் கனத்த சிவப்பு வைனோடு வருவார்கள். உறைப்போடு அதைக் குடித்து வாய் எரிந்தால் உன் கறியைத்தான் குறை சொல்வார்கள்."

அதற்குப் பிறகுதான் எனக்குத் தொலைபேசி வந்தது.

"டிலா, எங்கட சொந்தத்தில வைனைப் பற்றித் தெரிஞ்ச ஒரே ஆள் நீதான்."

"பாதர் இருக்கிறாரே."

"அவர் பூசையில ஒரு மிடறு. நீ சம்பளத்துக்குக் குடிக்கிறனீ."

"நான் குடிக்கிறேல்லை அக்கா, அளக்கிறனான்."

"அப்ப அளந்துகொண்டு வா."

வெள்ளி

அவளுடைய கணவர் குமரேசன் அத்தான் விமான நிலையத்துக்கு வந்திருந்தார். அவர் மலேசியாவின் ஈப்போக்காரர். படிக்க வந்து தங்கியவர். "பிளைட்ல சாப்பாடு எப்படி லா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒரு டப்பாவை நீட்டினார். உள்ளே முறுக்கு.

பெப்ரவரி. நாந்தில் சாம்பல் வானத்தையும் நனைந்த சப்பாத்துகளையும் விட்டு வந்தவளுக்குக் கிரான்பர்ன் வெயில் முகத்தில் அடுப்பைத் திறந்ததுபோல் இருந்தது. ஒரே அச்சில் வார்த்த புது வீடுகள், இடுப்புயர மரங்கள். பிரான்சில் எங்கள் தெருவில் எதையாவது கட்டுவதற்கு நகரசபையிடம் மூன்று வருடம் கெஞ்ச வேண்டும். இங்கே போன முறை படத்தில் பார்த்த வயல், இந்த முறை பள்ளிக்கூடமாக நின்றது.

ரெஜி அக்கா கட்டிப்பிடித்த கையோடு போத்தல்களைக் கேட்டாள். தூக்கிப் பார்த்தாள். "ஏன் பச்சைத் தண்ணி மாதிரிக் கிடக்கு?"

கதிரையில் உட்கார்ந்து விளக்கினேன். மஸ்கடே, லுவார் ஆறு அத்திலாந்திக் கடலில் விழும் பக்கத்து வைன். திராட்சையின் பெயர் மெலோன், பிறந்த இடம் பர்கண்டி. ஒல்லாந்த வியாபாரிகள் பிராந்தி வடிக்க வெள்ளை வைன் கேட்டதால் நாந்தைச் சுற்றி அதை நட்டார்கள். 1709இல் ஒரு கொடுங்குளிர் வந்து மற்றக் கொடிகளைக் கொன்றபோது மெலோன் தாங்கியது. மறுபடி நட்டவர்கள் பெரும்பாலும் அதையே நட்டார்கள். நல்ல மஸ்கடேயைக் குளிர்காலம் முழுவதும் அடியில் தங்கும் மண்டியோடேயே விட்டு, வடித்து ஊற்றாமல் அப்படியே போத்தலில் அடைப்பார்கள். அதனால் நாக்கில் ஒரு சிறு குறுகுறுப்பும், ரொட்டி சுடுகிற வெதுப்பகத்துக்கு முன்னால் நடப்பது போன்ற வாசமும் இருக்கும். சீனி கிடையாது. புளிப்பும் லேசான உப்பும். அந்த ஊரில் சிப்பி, மட்டி, ஆற்று மீன், எதுவானாலும் இதுதான்.

"ஒல்லாந்தரோ? மன்னார்க் கோட்டையில இருந்த ஆக்களோ?"

"ஓம், அவையள்தான்."

"உங்களுக்கு வைனை விட்டிட்டு எங்களுக்குக் கோட்டையை விட்டிருக்கிறாங்கள்," என்று குறைப்பட்டாள்.

சனி

ஸ்பிரிங்வேல் சந்தைக்குப் போனோம். மீன் கடைகளில் தரை ஈரம், தமிழ் தவிர எல்லா மொழியிலும் சத்தம். ரெஜி அக்கா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தபோது கடைக்காரர் முகம் சுளித்தார். இரண்டாவது மீனையும் தூக்கியதும் அவரே மூன்றாவதைத் தூக்கிக் காட்டினார். கிங்ஃபிஷ் இரண்டு எடுத்தோம். எங்கள் பாரைக்குச் சொந்தக்கார மீன்தான். கணவாய் நான்கு கிலோ. மட்டி வேண்டுமா என்று கேட்டேன். "முதல் நாளே எல்லாத்தையும் காட்டக்கூடாது," என்றாள்.

லானின் உணவகம் ஒரு மருந்துக் கடைக்கும் துணிக் கடைக்கும் இடையில் இருந்தது. ஆறு மேசை. லானுக்கு ஐம்பது வயதிருக்கும். குட்டை முடி, இடுப்பில் கட்டிய துவாய். எங்களைக் கண்டதும் கதிரை காட்டவில்லை, குசினியைக் காட்டினார். இரண்டு பெரிய அடுப்பு, கழுவும் தொட்டி, சோற்றுப் பானை. "பன்னிரண்டரைக்குச் சாப்பாடு மேசையில் இருக்க வேண்டும். சாப்பிட நான், நீ கூப்பிடுகிற மூன்று பேர், என் வாடிக்கையாளர்கள் எட்டுப் பேர். அவர்களைச் சிரிக்கச் சொல்லி நான் சொல்லவில்லை," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீதான் வைனா?" என்றார்.

"நான்தான்."

"எனக்கு ஒரு வரி போதும். சாப்பாட்டு அட்டையின் அடியில் போட ஒரு வரி."

என் கையில் இரண்டு பக்க அட்டவணை இருந்தது. வைனின் புளிப்பு, உப்பு, வெப்பநிலை; எதிரே கணவாய்ப் பொரியல், மீன் கறி, பருப்பு, சம்பல். நான் அதை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

ஞாயிறு

பூசைக்குப் போய் வந்து ஒத்திகை. ரெஜி அக்கா தனியே சமைத்தாள். அத்தான் அன்றைக்குக் கார் கழுவினார். அந்த வீட்டில் ஒரு நாள் அவள் சமையல், மறுநாள் அவர் சமையல். ஒரே சட்டியில் இருவரும் கை வைத்ததில்லை என்று பெருமையாகச் சொன்னார்கள். சண்டையில்லாமல் வாழ்வதற்கான வழியாம்.

முதல் போத்தலைப் பத்துப் பாகை செல்சியஸுக்குக் குளிர வைத்துத் திறந்தேன். அத்தான் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

"கெட்டுப் போச்சா லா?"

"இல்லை அத்தான், இப்படித்தான் இருக்கும்."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் வைன் என்றால் நத்தாருக்குப் போடுகிற முந்திரிகை வற்றல் வைன், உலர்ந்த திராட்சையில் செய்வது. சீனி, கராம்பு, கறுவா. கேக்கோடு சின்னக் கிளாஸில் தருவார்கள். ரெஜி அக்கா அவருக்கும் அதைத்தான் பழக்கியிருந்தாள்.

பொரித்த கணவாயோடு வைன் அருமையாக இருந்தது. எண்ணெயை அது துடைத்தெடுத்தது. அட்டவணையில் சரி போட்டேன். அடுத்தது மீன் கறி. நல்ல தேங்காய்ப் பால், வெந்தயம், உறைப்பு, கையளவு பழப்புளி. ஒரு வாய் சாப்பிட்டு ஒரு மிடறு குடித்தேன். வைனைக் காணவில்லை. அதாவது, கிளாஸில் இருந்தது. வாயில் தண்ணீராக ஓடியது. புளிப்பும் இல்லை, உப்பும் இல்லை. மறுபடி குடித்தேன். மறுபடி தண்ணீர்.

காரணம் தெரிந்ததுதான். சாப்பாட்டின் புளி வைனின் புளியைவிடக் கூடினால் வைன் படுத்துவிடும். பாடப் புத்தகத்தின் முதல் பக்கம். ஆனால் நான் கறியின் புளியை அளக்கவில்லை. நாந்தில் இருந்துகொண்டு, ஞாபகத்திலிருந்து 'மிதம்' என்று எழுதியிருந்தேன்.

"புளியைக் குறைச்சால் என்ன அக்கா?"

"புளியைக் குறைச்சால் அது மீன் கறியோ?"

அவள் கோபப்படவில்லை, பயந்துவிட்டாள் என்பது கரண்டியைக் கழுவிய வேகத்தில் தெரிந்தது. "லான் வைனைக் கேப்பா டிலா. மீன் கறிக்கு வைன் இல்லையெண்டால் நான் என்ன சொல்ல? குளிர்தேத்தண்ணிக்காரனுக்கு வைன் தேவையில்லை."

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். மிச்சம் இரண்டு போத்தல், ஒன்றில் ஆறு கிளாஸ், பன்னிரண்டு பேர். கணவாய் வரும்போது ஆளுக்கொரு கிளாஸ் ஊற்றி முடித்துவிடுவது. மீன் கறி வரும்போது போத்தல் காலியாகியிருக்கும். கேட்டால் முடிந்துவிட்டது என்று சொல்வது. தோல்வியை மறைக்கிற திட்டம்தான், ஆனால் திட்டம்.

திங்கள்

காலை எட்டு மணிக்கே அவர்கள் சட்டி பானைகளோடு காரில் கிளம்பினார்கள். நானும் போயிருக்கலாம். ஆனால் நாற்பது பாகை வெயில் என்றார்கள். சாமான் இறக்கும்வரை காருக்குள் வைன் வேகும். குளிரூட்டிய ரயிலில், குளிர்பெட்டியில் வைத்து, பதினொரு மணிக்குச் சரியாக வந்து சேருவேன் என்று சொன்னேன். நேர அட்டவணை எல்லாம் எழுதி வைத்திருந்தேன்.

ரயில் நிலையத்தில் ரயில் இல்லை. தண்டவாள வேலை. அதற்குப் பதிலாக பஸ். முதல் பஸ் நிரம்பிப் போனது. இரண்டாவதில் ஏறினேன். ஒவ்வொரு நிலையத்துக்கும் உள்ளே வளைந்து போய், வெளியே வளைந்து வந்து, அது ஊர்ந்தது. மடியில் குளிர்பெட்டி. பக்கத்தில் செம்மஞ்சள் வேலையங்கி போட்ட பஞ்சாபி வாலிபர்.

"மீன் பிடிக்கப் போகிறீர்களா?"

"இல்லை. மீன் முன்னாலே போய்விட்டது. இது அதற்குப் பின்னால் போகிற வைன்."

அவர் மூடியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். ஐஸ் பாதி தண்ணீர். உச்சுக்கொட்டிவிட்டுத் தன் சாப்பாட்டுப் பையிலிருந்து உறைந்த நீல ஐஸ் பொதியை எடுத்து உள்ளே வைத்தார். "உங்கள் சாப்பாடு?" என்றேன். "பரோட்டாவுக்கு ஒன்றும் ஆகாது, மேடம்," என்று அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்.

நான் ஸ்பிரிங்வேலில் ஓடியபோது பன்னிரண்டு ஐம்பது.

பின் கதவால் குசினிக்குள் நுழைந்தேன். ரெஜி அக்காவின் நெற்றியில் பொட்டுப் பொட்டாக வியர்வை. "கணவாய் முடிஞ்சுது," என்றாள். "தண்ணியோட சாப்பிட்டவை. இப்ப கறி போகுது. வைனை இப்ப எடுக்காத, கடவுளே, இதுக்கு எடுக்காத."

அத்தான் தட்டங்களை எடுத்துக்கொண்டு போனார். பன்னிரண்டும் போய்விட்டன. நான் கை கழுவத் தொட்டிக்குப் போனேன். அங்கே சோற்றுப் பானைக்குப் பின்னால் ஒரு கிண்ணம். உள்ளே ஊறப் போட்ட பழப்புளி, முழு உருண்டையாக. யாரும் கரைத்த அடையாளமே இல்லை.

"அக்கா, இது மிச்சமோ?"

அவள் பார்த்தாள். அத்தானும் வந்து பார்த்தார்.

"நீங்கள் முதலே விட்டிட்டியள் எண்டு நினைச்சன். உங்கட ஊரில மசாலாவோடயே புளி விடுறதுதானே!"

"உன் கறின்னு தானே லா நான் ஊத்தாம விட்டேன்? நீ கடைசியில தானே ஊத்துவே!"

அன்றைக்குச் சட்டி பெரியது, அடுப்பு இரண்டு, நேரம் குறைவு. அதனால் முதல்முறையாக அவர் தொடங்கி அவள் முடித்திருக்கிறாள். அவர் அவளுடைய மன்னார்ப் பழக்கத்துக்காகப் பொறுத்திருந்தார். அவள் அவருடைய ஈப்போப் பழக்கத்தை நம்பியிருந்தாள். ஒருவரை ஒருவர் இவ்வளவு மதித்ததில் கறி புளியில்லாமல் மேசைக்குப் போய்விட்டது.

"திருப்பி எடுப்போமா?" என்றார் அத்தான்.

"ஆக்கள் சாப்பிடத் தொடங்கிட்டினம்! பச்சைப் புளியைக் கொதிக்காமல் மேல ஊத்தவோ?" அவள் அடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "போச்சு. எல்லாம் போச்சு."

நான் சட்டியின் அடியை வழித்து நக்கினேன். பாலும் உறைப்பும் மீனும் சரியாக இருந்தன. ஆனால் எல்லாம் படுத்துக் கிடந்தன, எழுப்ப ஆளில்லாமல். நேற்று வைன் கிடந்த அதே மாதிரி. அந்த நினைப்பு வந்ததும் போத்தலைத் திறந்து, அளக்காமல், கையில் கிடைத்த தேநீர்க் கோப்பையில் ஊற்றி ஒரு மிடறு குடித்தேன். கறி எழுந்து நின்றது. இன்னொரு வாய், இன்னொரு மிடறு. மீனின் இனிப்பு முன்னால் வந்தது, தேங்காய்ப் பாலின் கொழுப்பு விலகியது. வைனும் தண்ணீராகவில்லை. உப்பும் அந்தக் குறுகுறுப்பும் வாயில் நின்றன. அட்டவணையில் இதற்கு எனக்குக் கட்டம் இருக்கவில்லை.

"அக்கா, கிளாஸ் எங்க?"

"விசரோ உனக்கு?"

"கிளாஸைத் தா."

பதினொரு பேருக்கு ஊற்றினேன். பன்னிரண்டாவது மேரி அன்ரி, ரோவில் புறநகரிலிருந்து வந்தவர், ரெஜி அக்காவின் பாடகர் குழுவில் இருப்பவர். கையால் கிளாஸை மூடினார். "எனக்கு வேண்டாம் பிள்ளை, நான் குடிக்கிறேல்லை." மற்றவர்கள் குடித்தார்கள். முதல் மிடறுக்கு இரண்டு பேர் முகம் சுருங்கியது. கறியைச் சாப்பிட்டுவிட்டு மறுபடி கிளாஸைத் தூக்கினார்கள். பேச்சுக் குறைந்து கரண்டிச் சத்தம் கூடியது. எனக்கு மூச்சு வந்தது.

அப்போதுதான் மேரி அன்ரி கையை நக்கிக்கொண்டு, கோயிலில் பாடுகிற அதே குரலில், "ரெஜினா, கறிக்குப் புளி விட மறந்திட்டியே?" என்றார்.

லான் தலையைத் தூக்கினார். "அவர் என்ன சொல்கிறார்?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். நல்ல சாப்பாடு என்கிறார் என்று சொல்ல ஒரு நொடி போதும். ரெஜி அக்கா குசினி வாசலில் நின்றாள். என்னை முந்திக்கொண்டு ஆங்கிலத்திலேயே சொன்னாள்:

"புளி போட மறந்துவிட்டோம். அவர் போட்டார் என்று நான் நினைத்தேன், நான் போடுவேன் என்று அவர் நினைத்தார்."

லான் தட்டத்திலிருந்து ஒரு துண்டு மீன் எடுத்துச் சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார். இன்னொரு துண்டு. இந்த முறை வைன். பிறகு எழுந்து குசினிக்குள் போய் ஒரு தேசிக்காயை வெட்டிக்கொண்டு வந்து, மேரி அன்ரியின் கறியில் பிழிந்துவிட்டு, அதையும் ஒரு வாய் எடுத்துப் பார்த்தார். மேரி அன்ரி தன் தட்டத்துக்குள் வேற்றுக் கரண்டி வந்ததில் திகைத்துப் போனாலும், தானும் சாப்பிட்டுப் பார்த்து, "இப்ப பரவாயில்லை," என்றார்.

"எங்கள் மீன் சூப்புக்கும் புளி போடுவோம்," என்றார் லான். "முதலில் எனக்கும் மந்தமாகத்தான் இருந்தது. வைன் வந்ததும், ஓ, வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள் என்று நினைத்தேன். நீ ஏன் சொன்னாய்?"

"மேரி அன்ரியின் குரல் ரோவில் வரைக்கும் கேட்டிருக்கும். நான் சொல்லாமல் என்ன செய்ய?"

முதலில் சிரித்தது லானின் வாடிக்கையாளர்களில் ஒருவர், வயதான தச்சர். அவர் போத்தலைத் திருப்பிப் பெயரைப் படித்துவிட்டு, "அடுத்த முறை இது கிடைக்காவிட்டால் என்ன கொண்டுவருவது?" என்று என்னைக் கேட்டார்.

"இங்கேயே கிடைக்கும் வெள்ளை வைன், கிளேர் பள்ளத்தாக்கு ரீஸ்லிங். சீனி இல்லாதது. நன்றாகக் குளிர வைத்து."

"அடுத்த முறை" என்று அவர் சொன்னதை ரெஜி அக்கா கேட்டாளா என்று பார்த்தேன். அவள் லானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். லான் தட்டங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு எல்லாரும் போனார்கள். மேரி அன்ரி மிச்சக் கணவாயை ஒரு பெட்டியில் வாங்கிக்கொண்டு போனார். நாங்கள் மூவரும் குசினியைக் கழுவினோம். தரை, அடுப்பு, தொட்டி. நான் லான் கேட்ட ஒரு வரியை ஆங்கிலத்தில் எழுதினேன்: "எங்கள் மீன் கறிக்குப் புளி கிளாஸில் வரும்: மஸ்கடே அல்லது ரீஸ்லிங் கொண்டு வாருங்கள், குடிக்காதவர்களுக்குத் தேசிக்காய் நாங்கள் தருவோம்." லான் அதை வாங்கிப் படித்தார். "மீன் கறி" என்பதற்கு முன் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். "திங்கட்கிழமை" என்று எழுதியிருந்தார்.

ரெஜி அக்கா அதைக் காணவில்லை. குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டே, "மிஸ் லான், நீங்கள் எப்போது முடிவைச் சொல்வீர்கள்?" என்று கேட்டாள்.

லான் துவாயை அவிழ்த்து ஆணியில் மாட்டினார்.

"இந்தத் தெருவில் செவ்வாய் விடியக் குப்பை வண்டி வரும். திங்கட்கிழமை பின்னேரமே தொட்டிகளை வெளியில் வைக்க வேண்டும். சிவப்பு மூடி வாரா வாரம், ஒவ்வொரு கிழமையும். மஞ்சள் மூடி ஒரு கிழமை விட்டு ஒரு கிழமை. இவ்வளவு காலமும் லீவு நாளில் நான் வந்துதான் வைத்தேன்." கைப்பையை எடுத்துத் தோளில் போட்டார். "இனி நான் வரமாட்டேன்."

கதவு மணி அடித்து ஓய்ந்தது. அக்கா துணியைப் பிடித்தபடி குந்தியிருந்தாள்.

"என்னவாம்?" என்றாள் என்னிடம்.

"குப்பைத் தொட்டி இனி உன்ர வேலையாம்."

அத்தான்தான் முதலில் கத்தினார். அவள் கத்தவில்லை. எழுந்து, கையைத் துடைத்து, பின் கதவைத் திறந்து வெயிலுக்குள் போனாள். சிவப்பு மூடித் தொட்டியை இழுத்தாள். பிறகு மஞ்சளையும். அது இந்தக் கிழமையா அடுத்ததா என்று யாருக்கும் தெரியாது. "குடு லா, நான் இழுக்கிறேன்," என்று அத்தான் பின்னால் ஓடினார்.

"கை வைக்காதேங்கோ," என்றாள் ரெஜி அக்கா. "நீங்கள் வைச்சிருப்பியள் எண்டு நானும், நான் வைப்பன் எண்டு நீங்களும் பிறகும் இருக்கவோ?"

இரண்டு தொட்டிகளையும் தானே தெருவுக்கு உருட்டிக்கொண்டு போனாள்.